தைராய்டு அனுப்பி வைத்தவள்

கல்யாணமான நாளிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்குக்கு வீட்டில் "யோவ்" என்றுதான் பெயர். தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் மனைவி, சண்டை போட்டாலும் கொஞ்சினாலும் யோவ்தான். விடிவதற்குள் அலமாரியை இடம் மாற்றுவாள். அவன் மூக்கைக் கிண்டலடித்துவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சூறாவளியில் அவன் தலைகால் புரியாமல் கிடந்தான்.

அவள் இளைத்தாள். கை நடுங்கியது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் எக்கச்சக்கம் என்றார் டாக்டர்.

"கழுத்துல சுரக்குறது மூளை வரைக்கும் போகும். அங்க செல்லுக்குள்ள அதுக்குன்னே ஏற்பிகள் இருக்கு. அதுல போய் ஒட்டினா எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்கிறதே மாறிடும். படபடப்பு, கோபம், தூக்கமின்மை, எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு உண்டு."

"சிரிப்புலயுமா சார்?"

டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "மாத்திரையை நிறுத்தவே கூடாது. இதயம் தாங்காது."

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. அதுதான் சங்கடம். சாந்தமான ஒரு பெண்மணி, "என்னங்க, சாப்பிடுறீங்களா?" என்றாள். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், அவ்வளவு நல்லவள். அவன்தான் சொந்த வீட்டில் விருந்தாளிபோல் கூச்சத்தோடு நடமாடினான். ஒருநாள், "முன்ன மாதிரி ஒரு தடவை திட்டேன்" என்று வாய்விட்டுக் கேட்டுத் தொலைத்தான்.

சில வாரங்களில் திட்டு வந்தது. "யோவ், துண்டை எங்கய்யா போட்ட?"

அவனுக்குக் காது குளிர்ந்தது. மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் சற்று வேகமாகச் சுற்றினாலே தரைத்தளத்தில் நின்று கண்டுபிடிப்பவன், இதை மட்டும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு மாலை, படியேறி வந்தவள் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். மணிக்கட்டைப் பிடித்தான். நாடி தறிகெட்டு ஓடியது.

"மாத்திரை போடுறியா இல்லியா?"

"இல்ல."

"ஏன்டி?"

"உனக்குத் திட்டுறவளத்தானய்யா பிடிக்கும்."

ஆஸ்பத்திரியில் நாடி கொஞ்சம் அடங்கியதும், நர்ஸ் கொடுத்த மாத்திரையை அவனே நீட்டினான்.

"போட்டா அவ போயிடுவாய்யா."

"போகட்டும். நீ இரு."

விழுங்கினாள். குணம் தெரியச் சில வாரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் நீலச் சட்டையைக் கிழிச்சது நீதான" என்று வம்புக்கு இழுத்தான்.

"நானா? யோவ், உன் தொப்பை கிழிச்சுதுய்யா அத!"

"சத்தம் போடாதீங்க" என்று நர்ஸ் அதட்டினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் சிஸ்டர்" என்று கெஞ்சினான் மெக்கானிக்.