டீச்சர் வீட்டு நீலத்திரை

கௌசல்யா டீச்சரின் கம்ப்யூட்டர் ஒரு மாதமாக ஒருமுறைகூட நின்றுபோகவில்லை. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் செல்வமணிக்கு வயிறு எரிந்தது.

கிள்ளிப்பாலத்தில் பகவதிப்பெருமாளின் கம்ப்யூட்டர் கடையில் அவன்தான் மூத்த மெக்கானிக். எத்தனையோ வீடுகளுக்குப் போகிறவன் என்றாலும் ஸ்ரீவராகத்து டீச்சர் வீடு அவனுக்குத் தனி. டீச்சர் வீட்டிலிருந்தபடியே வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துவார். பாதி வகுப்பில் திரை நீலமாகி எல்லாம் நின்றுபோகும். உடனே கடைக்குப் போன் வரும். "செல்வமணியை அனுப்புங்கோ. வேற யாரும் வேண்டாம்." அந்த ஒரு பேச்சுக்காக அவன் கொளுத்தும் வெயிலில் பைக்கை விரட்டிக்கொண்டு போவான். அவன் வீட்டில்கூட அவனை யாரும் இப்படித் தேடியதில்லை.

செல்வமணியின் வைத்தியம் எப்போதும் ஒன்றுதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவான். பிறகு தன் பென்டிரைவைச் செருகி, வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்திருக்கும் டிரைவர்களைப் போடுவான். வைஃபை, பிரிண்டர் இதெல்லாம் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போக உதவும் சின்னச் சின்ன சாஃப்ட்வேர்கள் அவை. ஒவ்வொன்றையும் நெட்டில் தேடி இறக்குவது வேலை தெரியாதவன் செய்வது என்பது அவன் கட்சி. கம்ப்யூட்டர் சில நாள் ஓடும், மறுபடி நீலம். மெமரியை மாற்றினான், பவர் சப்ளையை மாற்றினான், கரண்ட் ஆபீஸைத் திட்டினான். டீச்சர் மட்டும் சலித்துக்கொள்ளவே இல்லை. "நீ வந்தாத்தான் அது அடங்கறது" என்பார்.

மச்சினன் கல்யாணத்துக்கு அவன் மார்த்தாண்டம் போயிருந்த நேரம் பார்த்து அது நின்று தொலைத்தது. முதலாளி ஷிஜுவை அனுப்பிவிட்டார். கொச்சியில் வேலை பார்த்துவிட்டுச் சமீபத்தில் கடையில் சேர்ந்தவன் ஷிஜு.

செல்வமணி திரும்பி வந்ததும் ஷிஜு அவனை டீக்கடைக்குக் கூட்டிப்போனான்.

"அண்ணன் தப்பா ஒண்ணும் நினைக்கக் கூடாது, கேட்டோ. ஓரோ தடவை நீலமாகும்போதும் விண்டோஸ் ஒரு ஃபைல் எழுதி வைக்குமில்லே? அதெல்லாம் திறந்து பார்த்தேன். எல்லாத்துலயும் ஒரே பேருதான், வைஃபை டிரைவர். பழைய வெர்ஷன். வகுப்பில பிள்ளைகள் கூடினா அதுக்குத் தாங்காது. கம்பெனி சைட்டிலேந்து புதுசு போட்டேன். அத்ரே உள்ளு, அவ்வளவுதான்."

செல்வமணி டீ கிளாஸைப் பாதியிலேயே கீழே வைத்தான். அந்தப் பழைய டிரைவர் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாதா? நோயைத் தீர்க்கப் போன ஒவ்வொரு தடவையும் அதே நோயைத் தன் கையாலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறான். வெட்கம் கொஞ்சம்தான் வந்தது. பொறாமை பொங்கிக்கொண்டு வந்தது. இனி டீச்சர் வாயில் ஷிஜுவின் பெயர்தானே வரும்! அன்றிலிருந்து ஷிஜு சிரித்தால் பிடிக்கவில்லை, தலை வாரினால் பிடிக்கவில்லை. கடை போன் அடிக்கும்போதெல்லாம் செல்வமணி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்ரீவராகத்திலிருந்து மூச்சுப்பேச்சு இல்லை. கேடு வந்தால்தானே யாரையாவது கூப்பிடுவார்கள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, சர்வீஸுக்கு என்று முதலாளியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். புதியதைக் கழற்றிவிட்டுப் பழைய டிரைவரை மறுபடி போட்டால் தீர்ந்தது. சில நாளில் பாதி வகுப்பில் நீலம் வரும். ஷிஜு செய்தது நிலைக்கவில்லை, செல்வமணியை அனுப்புங்கோ என்று போன் வரும். பைக்கில் போகும்போதே அந்தக் குரல் அவன் காதில் இனித்தது.

"வா, வா, செல்வமணி! உனக்கு நூறாயுசு. இப்போத்தான் உன்னைப் பத்திப் பேசிண்டிருந்தேன்" என்று வாசலுக்கே வந்துவிட்டார் டீச்சர். "ஷிஜு எல்லாம் சொன்னான். டிரைவர்தான் கேடுன்னு நீதான் கண்டுபிடிச்சயாமே? கல்யாண வேலைத் திரக்குக்கு நடுவுல போன்லயே எல்லாம் சொல்லிக் கொடுத்தயாம். நீ சொன்னதைத்தான் அவன் பண்ணினானாம். என்ன மூளைடா உனக்கு!"

செல்வமணி பாக்கெட்டில் பிடித்திருந்த பென்டிரைவை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தான். ஷிஜு இதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை மூச்சுவிட்டதில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். தன் பெயரை இப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டவனை என்ன செய்வது? டீச்சர் மனசார மெச்சிய அந்தச் செல்வமணியின் மேல்கூட இவனுக்குப் பொறாமையாக இருந்தது. இல்லை டீச்சர், கண்டுபிடித்தது ஷிஜுதான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆமா டீச்சரே" என்றான்.

"அதான் யோசிச்சேன். இத்தனை விவரம் தெரிஞ்சவனை ஒவ்வொண்ணுக்கும் வெயில்ல ஓட வெக்கறது பாவமாக்கும். உங்க முதலாளிக்கு இப்போத்தான் போன் பண்ணினேன். இனிமே ஏதாவதுன்னா ஷிஜுவை அனுப்பினாப் போரும்னு சொல்லிட்டேன். நீதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துடறயே."

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. டீச்சர் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திரையில் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. செல்வமணி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வகுப்பு ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.