பின்சீட்டுக் குரல்

"டெஸ்ட் டிரைவுக்கு வேற ஆள் வேண்டாம். நீங்களே ஓட்டிக் காட்டுங்க, சின்னவரே."

அவள் சொல்லி முடித்ததும், அந்தக் கார் ஷோரூமில் அதுவரை யார் காதிலும் விழாத ஏசியின் இரைச்சல் எல்லார் காதிலும் விழுந்தது. ரிசப்ஷன் பெண் போனைக் காதில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். மூலையில் ஒரு வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவின் கை, துணியோடு அப்படியே நின்றுவிட்டது.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதுதான் அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "விலையைப் பேசு, கலரைப் பாரு, டயரைத் தட்டிப் பாரு, என்ன வேணா பண்ணு. சின்னவரை மட்டும் ஓட்டச் சொல்லிடாத."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். எப்பவும் அதைக் கேக்காத."

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்குத் தோன்றியே இருக்காது. சொன்னதால் அது தொண்டையில் முள்ளாக நின்றது.

சின்னவர் சிரித்தார். அந்த ஷோரூம் அவருடைய அப்பாவுடையது. மகனை எல்லாரும் சின்னவர் என்றார்கள், அப்பாவைப் பெரியவர் என்றார்கள். "இன்ஜினியரம்மாவுக்கு நான் ஓட்டணுமா? நம்ம பசங்க இருக்காங்களே, சூப்பரா ஓட்டுவாங்க."

"வண்டி விக்கிறவருக்கு வண்டி ஓட்டத் தெரியாதா என்ன?"

ரிசப்ஷன் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஜோக். சின்னவர் ஸ்டீயரிங்கைத் தொட்டு அங்கே யாரும் பார்த்ததில்லை. வரும்போதும் டிரைவர், போகும்போதும் டிரைவர்.

"அப்பாவும் வரட்டும். குடும்ப வண்டி. அவர் பார்க்க வேண்டாமா?" என்றாள்.

நான்கு பேர் பார்க்க ஒரு பெண் அப்படிச் சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா? சின்னவர் சாவியை எடுத்தார்.

அவள் கண் வைத்திருந்தது ஒரு சிவப்பு ஹேட்ச்பேக். பார்க்கச் சின்ன வண்டி, ஆனால் உள்ளே இருக்கும் டர்போ இன்ஜினுக்கு அது தெரியாது. அதே விலைக்கு நீளமான வண்டி வாங்கலாம், ஏழு பேர் போகலாம், டிக்கியில் வீட்டையே ஏற்றலாம் என்று அம்மா மூக்கால் அழுதிருந்தாள். "இவ்வளவு வேகம் எதுக்குடி? எங்கே தீப்பிடிச்சுது?" அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வாழ்நாள் முழுக்க ஹாரன் அடித்தால் ஒதுங்கி நின்ற குடும்பம் அது. ஒருமுறையாவது முந்திப் போக வேண்டும் என்று அவளுக்கு வெறி.

வேகம் என்ன செய்யும் என்று தெரியாதவளும் அல்ல. அவள் வேலையே அதுதான். பொம்மைகளை வண்டியில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, சுவரில் மோதவிட்டு, எந்த எலும்பு எங்கே உடைந்திருக்கும் என்று பார்க்கும் கூடத்தில் இன்ஜினியர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். மிதிக்க வைத்தவர் பெரியவர்.

அங்கேதான் இந்த வண்டி சிக்கிக்கொண்டு நின்றது. அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், அப்பா பெரியவர் வீட்டு டிரைவர். ஒருநாள் அவர்கள் வண்டி ரோட்டோரம் நடந்து போன ஒரு கொத்தனாரை அடித்துப் போட்டது. கொத்தனார் செத்துப்போனார். "நான்தான் ஓட்டினேன்" என்று அப்பா ஸ்டேஷனில் போய் நின்றார். ஜெயில், லைசென்ஸ் ரத்து, வெளியே வந்ததும் இதே ஷோரூமில் வண்டி கழுவும் வேலை. அவளுடைய கல்லூரிச் செலவைப் பெரியவர் ஏற்றுக்கொண்டார். வகுப்பில் அவளுக்குப் பெயர் 'அடிச்சுட்டுப் போனவன் பொண்ணு.'

அப்பாதான் ஓட்டினார் என்றால், பெரியவர் செய்தது உதவி. நன்றி சொல்லிவிட்டு அவர் கடையிலேயே வண்டியை எடுக்கலாம். அப்பா ஓட்டவில்லை என்றால், அவள் படித்த படிப்பு கூலி. கூலி கொடுத்தவனிடமே போய் வண்டி வாங்குவதா? இது தெரியாமல் அந்தச் சாவியை வாங்க அவளுக்குக் கை வரவில்லை. அப்பா வாயைத் திறக்கமாட்டார். வண்டி திறக்குமா என்று பார்க்கத்தான் வந்திருந்தாள்.

அப்பா பின்கதவருகே தயங்கி நின்றார். எத்தனையோ பேருக்குத் திறந்துவிட்ட கதவு. உள்ளே ஏறி உட்கார்ந்த பழக்கம் இல்லை. கடைசியில் செருப்பைக் கழற்றித் தரையில் ஓரமாக வைத்துவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவர்போல ஏறினார்.

"டிரைவர், செருப்பைப் போட்டுக்கிட்டே ஏறலாம்யா" என்றார் சின்னவர். லைசென்ஸ் போய் இத்தனை வருஷம் ஆகியும் அவருக்கு அப்பா 'டிரைவர்'தான்.

"இருக்கட்டும் தம்பி. புது வண்டி."

சின்னவர் நெட்டையானவர். சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார். அப்பா முழங்காலை மடக்கி ஒதுங்கிக்கொண்டார். அவள் முன்சீட்டில் பெல்ட்டை மாட்டினாள்.

முதலில் ஊர்ந்துதான் போனார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்த விதத்தில், நெற்றியில் ஏசியையும் மீறி வேர்த்த விதத்தில், அவளுக்குப் பாதி பதில் கிடைத்தது. அகலமான ரோடு வந்தது. வண்டி அவருக்குத் தைரியம் கொடுத்தது. ஒரு அழுத்து அழுத்தினார். முதுகு சீட்டில் போய் ஒட்டியது, வயிறு எங்கேயோ பின்னால் தங்கிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க நினைத்தும் வந்தது. நல்ல வண்டி. சந்தேகமே இல்லை, அவள் ஆசைப்பட்டதைவிட நல்ல வண்டி.

"எப்படி இன்ஜினியரம்மா? ஓட்டத் தெரியுதா எனக்கு?"

"தெரியுது. எப்பவோ கத்துக்கிட்டதுபோல இருக்கு."

அவர் இன்னும் அழுத்தினார்.

ஒரு தொழிற்சாலையின் நீண்ட மதில் சுவரை ஒட்டி ரோடு வளைந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம், வேலை முடிந்த ஒரு செக்யூரிட்டி சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை, ஹாண்டிலில் ஒரு பை. சின்னவர் பிரேக் பிடித்தார், பிடித்தது பத்தவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடி ஹாண்டிலில் பட்டு 'டப்' என்றது. சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

சின்னவர் உறைந்துபோனார். வண்டி தானாக மெதுவானது. நிற்கப்போகிறது என்று அவள் பெல்ட்டில் கை வைத்த நேரம், பின்சீட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது. அப்பாவின் குரல்தான், ஆனால் அவள் அதுவரை கேட்டிராத குரல். கெஞ்சல் இல்லை, பணிவு இல்லை. சுளீரென்று ஒரு அதட்டல்.

"நிறுத்தாதீங்க தம்பி! திரும்பிப் பார்க்காதீங்க! போங்க, நேரா வீட்டுக்கு விடுங்க!"

சின்னவர் சின்னப் பையனைப்போல அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தார். கால் ஆக்சிலேட்டரில் இறங்கியது.

அந்த மாதிரி வண்டியில் ஹாண்ட் பிரேக் என்பது வெறும் ஒரு சுவிட்ச். அவள் அதை விரலால் தூக்கிப் பிடித்து, விடாமல் வைத்துக்கொண்டாள். வண்டி உறுமிக்கொண்டே குலுங்கி, டயர் தேய்ந்து, நின்றது.

அவள் கதவைத் திறந்து ஓடினாள்.

செக்யூரிட்டிக்காரர் மண்ணில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் கிழிந்து ரத்தம் ஒழுகியது. அவளைப் பார்த்ததும் வாயில் வந்த கெட்ட வார்த்தையை எல்லாம் கொட்டினார். அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. திட்டுகிறவர் பிழைத்துக்கொள்வார்.

"கண்ணை எங்கே வெச்சிருந்தான் அவன்? முதுகுலயா?"

"கையை அசைக்காதீங்கண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அப்பா வெறுங்காலோடு ஓடிவந்தார். ஆளைத் தூக்க ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எந்த வீட்டுக்குப்பா விடச் சொன்னீங்க?"

"வாய் தவறி வந்துடுச்சு."

"நாம வீட்டுலேருந்தா வந்தோம்? கடையிலேருந்து வந்தோம். எந்த வீட்டுக்கு?"

அப்பா சைக்கிளை நிமிர்த்தி மதிலில் சாய்த்து வைத்தார். வளைந்த ஹாண்டிலை நேராக்கப் பார்த்தார். அது நேராகவில்லை.

"தொழில் அப்படிம்மா. வண்டியில முதலாளி வீட்டுப் பிள்ளை இருந்தா, முதல்ல அதைப் பத்திரமா வீடு சேர்த்துடணும். மத்ததெல்லாம் அப்புறம். எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கத்துக்குடுத்தவன் கியருக்கு முன்னாடி அதைத்தான் சொல்லிக்குடுத்தான்."

"அன்னைக்கு ஓட்டுனது சின்னவர். நீங்க பக்கத்துல உட்கார்ந்து கத்துக்குடுத்துட்டிருந்தீங்க."

அவர் இல்லை என்று சொல்லவில்லை.

"அவர் நிறுத்தத்தான் பார்த்தார். நீங்கதான் போகச் சொன்னீங்க."

"வீட்டுல விட்டுட்டு உடனே வண்டியைத் திருப்பிட்டேன்டி. காத்தாப் பறந்து வந்தேன்."

"வந்தப்போ உயிர் இருந்துச்சா?"

"இருக்கும்னுதான் வந்தேன்" என்றார் அப்பா.

இத்தனை வருஷமாக அவள் இரண்டு பதிலுக்குத்தான் தயாராக இருந்தாள். ஒன்று, அப்பா கொன்றவர். இன்னொன்று, அப்பா பழியைச் சுமந்தவர். ராத்தூக்கம் கெட்ட நாட்களில் இரண்டாவதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறாள். மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வண்டிக்கு வந்தார்கள். சின்னவர் இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"இறங்குங்க."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமே. சீட்டெல்லாம் ரத்தம் ஆயிடும்."

"பிளாஸ்டிக் உறை போட்டுத்தானே வெச்சிருக்கீங்க. இறங்குங்க."

அவர் இறங்கினார். போனை எடுத்துக்கொண்டு மதில் ஓரமாக நடந்தார். அப்பா செக்யூரிட்டிக்காரரைப் பின்சீட்டில் படுக்க வைத்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி துடைக்கும் துணியை மடித்து அவர் நெற்றியில் அழுத்தினார். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. கம்பியை இழுத்து சீட்டை முன்னுக்குக் கொண்டுவந்தாள். அவளும் அப்பாவைப்போலக் குட்டை.

வண்டி சொன்னதைக் கேட்டது. லாரிகளுக்கு நடுவே நுழைந்தது, சிக்னலில் துள்ளியது, எங்கேயும் மூச்சு வாங்கவில்லை. முந்திப் போக வேண்டும் என்ற அவள் வெறி நிறைவேறிக்கொண்டிருந்தது. பின்னால் ஒருவர் முனகிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் மனைவி வரும்வரை இருந்துவிட்டு, அவள் வண்டியைத் திருப்பி ஷோரூமுக்குக் கொண்டுபோனாள். வழியில் அப்பா பின்சீட்டு பிளாஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

பெரியவர் தன் கண்ணாடி அறையில் காத்திருந்தார். அவர் எப்போதும் குரலை உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை. சின்னவர் ஒரு நாற்காலியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

"உட்காரும்மா. நம்ம வீட்டுப் பொண்ணு நீ. பயந்திருப்பே."

அவள் உட்காரவில்லை. அப்பாவும் உட்காரவில்லை. அவருக்கு அங்கே நின்றுதான் பழக்கம்.

"அந்த ஆளுக்கு வேண்டியதைச் செஞ்சுடலாம். கேமரா கீமரா ஏதாவது இருந்து கேள்வி வந்தா, கழுவறதுக்காக உங்கப்பா வண்டியை எடுத்துட்டுப் போனார்னு இருக்கட்டும். அவருக்கு இதெல்லாம் புதுசு இல்ல." தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் தொனியில் சொன்னார். "அந்தச் சிவப்பு வண்டியை நீ எடுத்துக்கோ. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

"சொல்லிடறேங்க" என்றார் அப்பா.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "லைசென்ஸ் இல்லாம ஓட்டி ஆளை அடிச்சேன்னு சொல்லப்போறீங்க. மறுபடி உள்ளே போகப்போறீங்க."

"உனக்கு வண்டி பிடிச்சிருக்குல்ல" என்றார். அதை அவர் முழு மனசோடு சொன்னார். அதுதான் அவளைக் கொன்றது.

கண்ணாடி வழியாகப் பார்த்தால் வண்டி தெரிந்தது. பக்கவாட்டுக் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை. இப்போதும் அவளுக்கு அது வேண்டும்போலத்தான் இருந்தது. அந்த ஆசையின் மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போலவும் இருந்தது.

சாவியை மேஜையில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில அப்பா அவர்கூட உள்ளே இருந்தப்போ போலீஸ்காரர் கேட்டார். சொல்லிட்டேன். ஓட்டுனது சின்னவர். பக்கத்துல இருந்தது நான். நிறுத்தாம போகச் சொன்னது எங்கப்பா."

சின்னவர் கையிலிருந்த பாட்டில் நசுங்கியது.

"கொத்தனார் விஷயத்தையும் சொன்னேன். அதை எழுதிக்கிட்டாரா இல்லையான்னு தெரியல. எழுதலேன்னா எழுதற ஆள் கிடைக்கிறவரைக்கும் சொல்லுவேன்."

"உன்னைப் படிக்க வெச்சது யார்னு ஞாபகம் இருக்காம்மா?" பெரியவரின் குரல் அப்போதும் உயரவில்லை.

"அந்தக் கொத்தனார்" என்றாள்.

அறையை விட்டு வெளியே வந்தாள். ரிசப்ஷன் பெண் வேறெங்கோ பார்த்தாள். பின்னால் வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. அப்பா அவளைத் தாண்டி வேகமாக முன்னே போனார். ஏதோ கேட்கப்போகிறார், திட்டப்போகிறார், அறைகூட விழலாம் என்று நினைத்தாள். அவர் வாசலுக்குப் போய், அங்கே வருகிற எல்லாருக்கும் செய்வதுபோல, கண்ணாடிக் கதவின் பிடியில் கை வைத்தார்.

"கையை எடுங்கப்பா. நானே திறந்துக்கறேன்."

அவர் எடுக்கவில்லை. அவள் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.