சத்தம் வராத பேடு

முன்சக்கரம் இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, பிரேக்கு என்கிற மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பதற்கு அங்கே ஒரு மண்ணும் இல்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடித்துச் சக்கரத்தை நிறுத்தும் பேடு புதுசு. பத்து நாளைக்கு முன்னால் அவனே மாட்டியது. டிஸ்க்கில் கீறல் கிடையாது, எங்கேயும் எண்ணெய்க் கசிவு கிடையாது. இருந்தும் அந்த வெள்ளி நிற ஸ்போர்ட்ஸ் கார் இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக அவனுடைய லிஃப்டில் ஏறி நின்றது.

அந்த ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் பெயர் கிடையாது, பார்க்கிற வேலைதான் பெயர். கியரு, பெயிண்ட்டு, ஏசி. இவன் பதினோரு வருடமாகப் பிரேக்கு.

காரின் சொந்தக்காரர் பல் டாக்டர். வாரம் முழுக்க இந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே காரை, பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் ரேஸ் ட்ராக்குக்கு எடுத்துப்போய், வாடகை கட்டி ஒரு மணி நேரம் விரட்டுவார். முதலில் ரோட்டுக்கான பேடு மாட்டிக் கொடுத்தான். ட்ராக்கில் அஞ்சாவது சுற்றிலேயே அது சூடேறிப் புகைந்தது, மிதித்தால் வண்டி நிற்கவில்லை. கார் திரும்பி வந்தது. அதனால் ட்ராக்குக்கான பேடு மாட்டினான். இப்போது அதற்கும் புகார்.

"வளைவுல பிடிச்சா பிடிச்ச இடத்துல நிக்குது. அதுல குறையே சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "ஆனா திங்கட்கிழமை சிக்னல்ல நின்னா கீச்சுனு ஒரு சத்தம் பாருங்க, ரோடே திரும்பிப் பாக்குது. எனக்குப் பல்லு கூசுது."

"உங்களுக்கேவா சார்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "வீல் நாலும் கரி அப்பின மாதிரி இருக்கு. காலையில வண்டி எடுத்ததும் மிதிச்சா வழுக்கிட்டுப் போகுது. நேத்து எங்க வீட்டு கேட்டை இடிச்சிருப்பேன்."

"அது ட்ராக் பேடு சார். சூடு ஏறினாத்தான் அதுக்குப் பிடியே வரும். ரோட்டுப் பேடு சூடு ஏறினா விட்டுடும். ரெண்டும் ரெண்டு குணம்."

"சத்தம் வரக் கூடாது, தூள் கொட்டக் கூடாது, குளிர்ல பிடிக்கணும், ட்ராக்லயும் பிடிக்கணும். அப்படி ஒண்ணு போடுங்க."

"அப்படி ஒண்ணு இல்லையே சார்."

"இன்டர்நெட்ல இருக்குன்னு போட்டிருக்கான்."

பிரேக்கு கண்ணை மூடித் திறந்தான். இன்டர்நெட்டில் போட்டவன் வந்து மாட்டிவிட்டுப் போகட்டுமே என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பின்னால் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதால் விழுங்கிக்கொண்டான்.

"ரெண்டு செட் வச்சுக்குங்க சார். ரோட்டுக்கு ஒண்ணு, ட்ராக்குக்கு ஒண்ணு. சனிக்கிழமை சாயங்காலம் கொண்டாந்தீங்கன்னா மாத்திக் கொடுத்துடுறேன். ஒரு மணி நேர வேலை."

டாக்டர் யோசிக்கிற முகத்தோடு ஏசி ரூமுக்குப் போனார். அவர் கதவைச் சாத்திய பிறகுதான் சூப்பர்வைசர் வாயைத் திறந்தான்.

"என்னய்யா பேசறே நீ? வாரா வாரம் பேடு மாத்தினா கம்ப்யூட்டர் என்ன பண்ணும்னு தெரியுமா, தெரியாதா?"

தெரியாமல் என்ன? ஒரே வண்டி, ஒரே பார்ட்டுக்காக, ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தால் அந்த வேலை பார்த்தவனின் கணக்கில் கம்ப்யூட்டர் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். மூன்று புள்ளி விழுந்தால் ஆள் வாட்டர் வாஷுக்குப் போக வேண்டும். இந்த ஒரே காரால் அவனுக்கு இரண்டு விழுந்தாகிவிட்டது.

"அது கம்ப்ளெயின்ட் இல்லையே சார். நாமளே வரச் சொல்லி மாத்துறதுதானே?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

"அப்ப ஒரு வரி எழுதிப் போடுங்க சார்."

"எழுதறதுக்கு அதுல இடம் இல்லய்யா! எத்தனை தடவை சொல்றது? இந்த வண்டி இன்னொரு தடவை பிரேக்குன்னு உள்ள வந்துச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. பாத்துக்கோ."

வாட்டர் வாஷ் என்றால் நாள் முழுக்க ஈரத்தில் நின்று கார் கழுவுகிற வேலை. சேர்ந்த புதிதில் ஒரு வருடம் அங்கேதான் கிடந்தான். அப்போது விரலிடுக்கில் வந்த புண்ணே ஆற மூன்று மாதம் ஆயிற்று. இப்போது சர்க்கரை வேறு. போன வருடம் கால் கட்டைவிரலில் ஒரு சின்னக் கீறல், அதற்கே ஆஸ்பத்திரியில் நகத்தோடு கொஞ்சம் சதையையும் எடுத்துவிட்டார்கள். காலை ஈரத்தில் வைக்காதே, அடுத்த தடவை விரல் இருக்காது என்று நர்ஸ் திட்டி அனுப்பியிருந்தாள்.

ரோட்டுப் பேடையே திரும்ப மாட்டினான். கழற்றிய ட்ராக் பேடை பிரேக் ஸ்பிரே அடித்துத் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி டிக்கியில் வைத்தான். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து டாக்டரிடம் போன் நம்பரைக் கொடுத்தான்.

"இங்க கொண்டு வர வேணாம் சார். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. நானே ட்ராக்குக்கு வந்து மாட்டித் தர்றேன். ஓட்டி முடிச்சதும் திரும்ப இதை மாட்டிடலாம். யார்கிட்டயும் சொல்லாதீங்க சார், வெளியில வேலை பாக்கறது தெரிஞ்சா போச்சு."

"சேச்சே, நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அவன் பையில் ஸ்பேனர்களை எடுத்து அடுக்குவதைத் தையல் மெஷின் பக்கத்திலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காரைக் கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க."

"மூணாவது புள்ளி விழுந்துச்சுன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல?"

"அதுக்காக லீவு நாள்ல போய் ஓசியில சேவகம் பண்ணணுமா? அவரு அத்தனை பெரிய கார் வச்சிருக்காரு, ஒரு ஆளைப் போட்டு மாத்திக்கத் தெரியாதா?"

"அவருக்கு என்னடி கவலை? கவலை எனக்கு."

அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவனோடு பேசிப் பிரயோசனம் இல்லை என்று அர்த்தம்.

மூன்று ஞாயிறு போனான். ஜாக்கி வைத்து, சக்கரம் கழற்றி, பேடு மாற்றி, பிறகு டாக்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனே இரண்டு சுற்று ஓட்டி, மிதித்து விட்டு மிதித்து விட்டு, பேடை டிஸ்க்கோடு பழக்கிக் கொடுத்தான். ஒர்க்‌ஷாப்பில் இதைச் செய்ய விடமாட்டார்கள். மாட்டினால் சரி, கார் கேட்டைத் தாண்டக் கூடாது. இங்கே அவன் மனம்போல் வேலை செய்தான். சொன்னால் வெட்கம், அந்த மூன்று ஞாயிறும் அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஓட்டி முடித்து வந்தால் டாக்டரைத் திட்டாத குறையாக அரை மணி நேரம் சும்மா உட்காரவைப்பான். டிஸ்க் கொதிக்கும்போது கைவைக்கக் கூடாது.

"உங்களை மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம்" என்று மூன்றாவது வாரம் டாக்டர் அவன் தோளில் தட்டினார். கார் ஒரு தடவைகூட ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வரவில்லை. கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் போனை அவன் மூஞ்சிக்கு நேராக நீட்டினான். படத்தில் பிரேக்கு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். கை கறுப்பு, வாயெல்லாம் பல். 'என் பர்சனல் மெக்கானிக். இவர் இல்லாமல் நான் இல்லை' என்று டாக்டர் கீழே எழுதியிருந்தார். நானூறு பேர் விரலை உயர்த்தியிருந்தார்கள்.

"முதலாளியே பாத்துட்டாருய்யா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

"காசு வாங்கலை சார். வண்டி திரும்பி வரக் கூடாதுன்னுதான்..."

"காசு வாங்கியிருந்தாலாவது ஒரு அர்த்தம் இருக்கும். வீட்டுக்கு அனுப்பச் சொன்னாரு. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வாட்டர் வாஷ்ல போட்டிருக்கேன்."

அவன் நன்றி சொல்ல வேண்டியதாயிற்று. அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை.

ஒரு வாரத்தில் புதிதாக வந்தவனுக்குப் பிரேக்கு என்ற பெயர் போயிற்று. இவன் வாஷு. வாஷுக்கு வார லீவு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம். கொடுத்த ரப்பர் பூட்ஸில் இடதுகால் கிழிசல். மனைவி அந்தக் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து, காலில் மாட்டிக்கொண்டு அதற்கு மேல் பூட்ஸ் போடச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் வெள்ளிக் கார் வாஷுக்குள் வந்து நின்றது. பக்கத்தில் போகும்போதே தெரிந்தது. சக்கரத்திலிருந்து அனல் அடித்தது, கருகிய வாசனை.

"பத்து நிமிஷம்தான். டாக்டர் அவசரமாப் போகணுமாம்" என்றான் சூப்பர்வைசர்.

"சார், ட்ராக்லேர்ந்து நேரா வந்திருக்கு. இந்தச் சூட்டுல தண்ணி பட்டா டிஸ்க்கு வளைஞ்சிடும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடும். அரை மணி நேரம் விடுங்க."

"உன்னைக் கேட்டேனா? நீ இப்ப பிரேக்கு இல்ல. தண்ணிய அடி."

அவன் கூரையைக் கழுவினான். கண்ணாடியைக் கழுவினான். கதவு கதவாக, கைப்பிடி கைப்பிடியாகத் துடைத்தான். சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு இரண்டாம் தடவையாகக் கூரைக்குப் போனபோது ஏசி ரூமிலிருந்து டாக்டர் வந்துவிட்டார்.

"அட, நீங்களா! எங்க போயிட்டீங்க? எத்தனை தடவை போன் பண்ணேன், எடுக்கவே இல்லை."

அவன் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இப்ப யார் சார் பேடு மாத்துறது?"

"அதெல்லாம் விட்டாச்சு. ட்ராக் பேடே நிரந்தரமா இருக்கட்டும்னு போட்டுட்டேன். கீச்சுனு வந்தா பாட்டைக் கொஞ்சம் கூட்டி வச்சுக்கறேன், ஒண்ணும் தெரியல." அவர் சிரித்தார். "வீல்தான் கரியாக் கிடக்கு. அதை நல்லா அடிச்சு விடுங்க."

பாட்டைக் கூட்டி வச்சுக்கறேன். அவன் குழாயைத் தாழ்த்திப் பிடித்தான். ஒருதடவை சூப்பர்வைசரைப் பார்த்தான். சூப்பர்வைசர் மணியைப் பார்த்தான்.

"ஆற விட்டா நல்லது சார், வளைஞ்சிடும்" என்றான் டாக்டரிடம்.

"வளைஞ்சா என்ன, புதுசு மாட்டிக்கலாம். அடிங்க அடிங்க, நேரமாச்சு."

முன்சக்கரத்துக்கு நேராகக் குழாயைப் பிடித்தான். சுர்ரென்று சீறி, வெள்ளையாக ஆவி கிளம்பி ஆளுயரத்துக்கு எழுந்தது. உள்ளே இரும்பு டிக் டிக்கென்று தெறிக்கிற சத்தம் அவன் காதுக்கு மட்டும் கேட்டது.

"ஆகா, இருங்க இருங்க, நிறுத்தாதீங்க!" டாக்டர் பையிலிருந்து போனை எடுத்தார். "சூப்பரா வருது. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்களேன், முகம் தெரியற மாதிரி."

அவன் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, டாக்டருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து அடுத்த சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்தான். இடது பூட்ஸுக்குள் பிளாஸ்டிக் பை நிரம்பியிருந்தது.