அவசியமற்ற மருந்து

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கட்டி போனது, கூடவே விறைப்பும் போய்விட்டது. நரம்பு தேறும்வரை தினம் ஒரு மாத்திரை போடச் சொன்னார் டாக்டர். அறுவை சிகிச்சைக்கு மறுபேச்சில்லாமல் பணம் கட்டிய காப்பீட்டு நிறுவனம் இதற்கு மட்டும் கையை விரித்தது. ‘ஆண்மைக்குறைவு மருந்து. அவசியமற்றது’ என்று கடிதம் வந்தது.

அதை அவர் கருவிப்பெட்டிக்குள் திணித்து வைத்திருந்தார். ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் போன மனைவியின் கையில் சிக்கியது.

“இதை ஏங்க ஒளிச்சு வெச்சீங்க?”

“வெளியில சொல்ற விஷயமா இது?”

“நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் இப்படி எழுதுறாங்க. சட்டையை மாத்துங்க, போலாம்.”

காப்பீட்டு அலுவலகத்தில் நல்ல கூட்டம். கடிதத்தைப் படித்த கவுன்டர் பெண் குரலைத் தாழ்த்தினாள். “சார், இதையெல்லாம் மெயில்ல அனுப்பலாமே. பின்னாடி ஆளுங்க இருக்காங்க.”

இருபது மாடி உயரத்தில் தொங்கி வேலை பார்த்தபோதுகூட அவர் பின்வாங்கியதில்லை. இப்போது கடிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். திரும்பிப் பார்த்தார். மனைவி நகர்வதாக இல்லை.

“எனக்கு விறைக்கிறதில்லம்மா,” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. “ஆபரேஷன்ல நரம்பு கெட்டுப்போச்சு. ஆபரேஷன் அவசியம்னா, அதால வந்த குறைக்கு மருந்து மட்டும் எப்படி அவசியமில்லாம போகும்?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் எழுந்து ஓடிவந்தார். “உள்ள வாங்க, தனியாப் பேசலாம்.”

“இங்கயே பேசலாம்,” என்றாள் மனைவி. “எழுதினது நீங்க, வெக்கம் எங்களுக்கா?”

மேல்முறையீட்டுப் படிவம் உடனே வந்தது. அங்கேயே நின்று நிரப்பிக் கொடுத்தார்கள். படியிறங்கும்போது வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் மூச்சு வாங்கப் பின்னால் வந்தார். “அந்தப் படிவம் பேரென்ன சார்?” என்று கேட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. அனுமதித்திருந்தார்கள், ஆனால் மாதத்துக்கு நாலு மாத்திரைதான்.

“நாலுன்னு யாருங்க முடிவு பண்ணினது?” என்றாள் மனைவி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

மறுநாள் காலை, மறுபடியும் காப்பீட்டு அலுவலகம் போக, மேற்பார்வையாளருக்குப் போன் செய்து அரைநாள் விடுப்பு கேட்டார்.

“என்ன காரணம்?”

காரணத்தைச் சொன்னார்.