பகலில் வந்து நிற்கும் கார்

அந்தக் கட்டடத்தில் வீடுகள் அதிகம், கார் நிறுத்தும் இடங்கள் குறைவு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இரண்டாவது மாடியின் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே இடம்தான் கிடைத்தது. ஒருவர் பேக்கரிக்காரர். இரவெல்லாம் அடுப்பு முன்னால் நின்று ரொட்டி சுட்டுவிட்டு, காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். இன்னொருவன் கண்ணாடிக்காரன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்திக் கொடுப்பவன். காலையில் அவன் காரை எடுத்துக்கொண்டு போவான், அவர் வந்து நிறுத்துவார். சாயங்காலம் அவர் போவார், அவன் வந்து நிறுத்துவான். மற்ற இடங்களுக்காக அந்தக் கட்டடத்தில் நடக்கிற கூச்சலைக் கேட்டால், இவர்கள் இருவரும் அதே கட்டடத்தில் இருக்கிறார்களா என்றே சந்தேகம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் பேக்கரிக்காரர் அவனை நிறுத்தினார். ரொம்ப நேரமாகச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க விருந்தாளி இன்னும் எத்தனை நாள் இருப்பாங்க?"

"எந்த விருந்தாளி அண்ணே?"

"அதான், பகல்ல நம்ம இடத்துல கார் நிக்குதே. சாம்பல் கலர். நான் வர்ற நேரத்துக்கு முன்னாடியே வந்து நின்னுடுது. பரவாயில்ல, நான் தெருவுல விட்டுக்கறேன். சொந்தபந்தம்னா வரத்தான் செய்வாங்க. என்ன, தெருவுல மரத்தடியில காக்கா குருவியெல்லாம் கண்ணாடி பூரா அபிஷேகம் பண்ணி வெச்சுடுது."

கண்ணாடிக்காரனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எங்க வீட்டுக்கு யாரும் வரலையே அண்ணே."

பேக்கரிக்காரர் ஒரு மாதிரி சிரித்தார். மறைக்கிற விஷயத்தை நாமும் கிளற வேண்டாம் என்கிற சிரிப்பு. "சரி சார், சரி" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

கீழே போய் வாட்ச்மேனைக் கேட்டான். வாட்ச்மேன் அவனையே ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வீட்டு ஆளுதானே சார்? உங்க வீட்டு நம்பரைச் சொன்னாங்க, கேட்டைத் திறந்தேன். ஒரு அம்மா."

"என்ன அம்மா?"

"அம்மான்னா அம்மாதான் சார். என்னைக் கேட்டா?"

இதை வீட்டில் போய் அப்படியே சொன்னது அவன் செய்த முதல் தவறு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி, துணி மடித்துக்கொண்டிருந்தவள், கையில் இருந்த சட்டையை அப்படியே வைத்தாள்.

"ஒரு அம்மாவா? நம்ம வீட்டு நம்பரைச் சொல்றாளா? நாம ரெண்டு பேரும் இல்லாத நேரமாப் பார்த்து வர்றாளா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"நீங்க யார்கிட்ட கேக்கறீங்க? நான்தான் உங்ககிட்ட கேக்கணும்."

அன்று ராத்திரி அவன் தானே போட்டுச் சாப்பிட்டான்.

மறுநாள் கடையைக் கொஞ்ச நேரம் அடைத்துவிட்டு ஓடி வந்து பார்த்தான். அவர்கள் இடத்தில் பேக்கரிக்காரரின் கார்தான் நின்றது. மாடி ஏறினால் அவரே லுங்கியோடு கதவைத் திறந்து, "ரொம்ப தேங்க்ஸ் சார், சொல்லிட்டீங்க போல, இன்னிக்கு வரலை" என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். எப்படிச் சொன்னாலும் பொய் மாதிரிதான் இருக்கும் என்று பட்டது. மூடிக்கொண்டான்.

இரண்டொரு நாள் விட்டுத் திரும்பவும் போனான். இந்தத் தடவை சாம்பல் கலர் கார் நின்றது. தூண் மறைவில் நின்று எட்டிப் பார்த்தான். முன் இருக்கையைச் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண் படுத்திருந்தாள். தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. காரின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுடைய அக்கா.

நகரத்தின் மறுகோடியில் வீடு. இரண்டு பிள்ளைகள், மாமியார், மாமனார், புருஷன் என்று நிறைந்த குடும்பம். மாமியாருக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு அலைச்சல் கூடியதால் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள் என்று தெரியும். என்ன கார் வாங்கினார்கள் என்று அவன் கேட்டதில்லை.

அவனுக்குக் கண்டபடி யோசனை போயிற்று. சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாளா? ஏதாவது நோயா? வேறு யாருக்காவது காத்திருக்கிறாளா? கடைசியாகத் தோன்றியதை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. தூணுக்குப் பின்னால் நின்றபடியே அவளுக்குப் போன் போட்டான்.

காருக்குள் வெளிச்சம் மின்னியது. அக்கா போனை எடுத்துப் பார்த்தாள். தம்பி என்று தெரிந்திருக்கும். ஒரு கணம் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்துப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். மறுபடியும் கூரையைப் பார்த்தாள்.

இந்த அக்காதான், பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாலும் இரண்டாவது மணியில் போனை எடுத்து "சொல்லுடா" என்பவள். போய்க் கண்ணாடியைத் தட்டினான்.

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட சின்னப் பிள்ளை மாதிரி முதலில் செருப்பைத்தான் தேடினாள்.

"நீயா? கடைக்குப் போகலையா?"

"அதை விடு. என்னாச்சுக்கா?"

"ஒண்ணும் ஆகலையே."

"அத்தான்கூட சண்டையா?"

"சேச்சே. அவர் பாட்டுக்கு நல்லாத்தான் இருக்காரு."

"உடம்பு ஏதாவது..."

"கிண்ணுன்னு இருக்கேன்."

"அப்போ இங்க என்ன பண்றே?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்டா. இதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

பிறகு அவளே கொஞ்சம் சொன்னாள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். மாமியாரைக் கால் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட வேண்டும். அந்த ஆஸ்பத்திரி இங்கே பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. பயிற்சி முடிந்து மாமியாரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகும் வரைக்கும் நேரம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் பேச்சுக் கொடுக்கிறார்கள். தெருவில் நிறுத்தினால் யாராவது வந்து ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஒரு நாள் தம்பியின் இடம் பகலில் காலியாகத்தானே இருக்கும் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டாள். இன்னொருவரோடு பங்கு என்பது அவளுக்குத் தெரியாது.

"மேல வீடு பூட்டித்தான் கிடக்கு. சாவி தர்றேன். ஃபேனைப் போட்டுக்கிட்டு நிம்மதியாப் படுக்கலாமே?"

"வேணாம்."

"ஏன்?"

"வீடுன்னா வேலை இருக்கும். உள்ள நுழைஞ்சதும் உன் சிங்க்ல கிடக்கிற பாத்திரத்தைக் கழுவ ஆரம்பிச்சுடுவேன். இங்கன்னா கழுவ ஒண்ணும் இல்லை."

அவன் திருதிருவென விழித்தான். கடைசியில், "தண்ணி வேணுமா?" என்று கேட்டான். அவள் சிரித்துவிட்டாள். "போடா, போய் வேலையைப் பாரு."

சாயங்காலம் மனைவியிடம் சொன்னான். அவள் சிரிப்பாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். இரண்டும் செய்யவில்லை.

"எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாங்களாம்?" என்று மட்டும் கேட்டாள்.

"உனக்கு இது புரியுதா?"

"புரியுது."

"எனக்கும் கொஞ்சம் சொல்லேன்."

"சொன்னா புரியாதுங்க."

அதிலிருந்து அவனுக்குக் குழப்பம் இரட்டிப்பாயிற்று. அக்காவை நினைத்துக் குழம்பினவன் இப்போது மனைவியையும் பார்க்க ஆரம்பித்தான். இவளும் எங்கேயாவது போய் உட்காருகிறாளா? மருந்துக்கடையிலிருந்து வர ஏன் சில நாள் தாமதமாகிறது? கேட்கவும் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தானிடமிருந்து போன் வந்தது.

"மாப்ளே, வீட்ல இப்போ எப்படி இருக்கு? காய்ச்சல் விட்டுச்சா?"

"யாருக்கு அத்தான்?"

"என்னப்பா இப்படிக் கேக்கறே? உன் பொண்டாட்டிக்குத்தான். உங்க அக்கா தினம் வந்து கஞ்சி வெச்சுக் குடுத்துட்டுப் போறாளே."

கண்ணாடிக்காரன் போனைக் கையால் மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தான். எதிரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவளுக்கு விஷயம் பாதி காதில் விழுந்திருந்தது. போன் பக்கம் திரும்பி, நல்ல சத்தமாக இருமினாள்.

"ஐயோ, இன்னும் இருமலா?" என்றார் அத்தான். "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறோம்."

ஞாயிற்றுக்கிழமை அத்தானும் அக்காவும் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தார்கள். கட்டிலில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு மனைவி படுத்திருந்தாள். அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் நேரே சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"இத்தனை நாளா விடலைன்னா சாதாரணக் காய்ச்சல் இல்லையே. டாக்டர் என்ன சொல்றார்?" என்றார் அத்தான்.

"ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கார் அண்ணா" என்றாள் மனைவி மெல்லிய குரலில்.

"அதான் சரி. பொம்பளைங்களுக்கு ரெஸ்ட் ரொம்ப முக்கியம்."

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

அப்போதுதான் கதவைத் தட்டிக்கொண்டு பேக்கரிக்காரர் வந்தார். கையில் சூடு ஆறாத ரொட்டிப் பொட்டலம். காரை நிறுத்தும் இடத்தைப் பற்றி ஒரு யோசனை தோன்றியதாகச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், தண்ணீர்க் கையோடு வெளியே வந்த அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, இவங்கதானே! இந்த வாரம்தான் பார்த்தேன், கீழ கார்லயே படுத்திருந்தாங்களே. ஒரு நாள் எழுப்பலாம்னு வந்தேன், பாவம், அசதியா இருக்காங்கன்னு விட்டுட்டேன்."

தான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் பேக்கரிக்காரர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அத்தானும் அதையேதான் செய்தார்.

"கார்லயா?" என்றார் அத்தான். "அப்போ கஞ்சி?"

"கஞ்சி இல்லை" என்றாள் அக்கா. "அவளுக்குக் காய்ச்சலும் இல்லை. எழுந்திரும்மா, வேர்த்துக் கொட்டுது உனக்கு."

மனைவி போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

அக்கா நடந்ததைச் சொன்னாள். தம்பியிடம் சொன்ன அதே வார்த்தைகள், அதே அளவுதான். அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று கண்ணாடிக்காரன் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். அவர் கோபப்படவில்லை. கணக்குப் பாடம் புரியாத பையன் மாதிரி நெற்றியைத் தடவினார்.

"நம்ம வீட்ல இவ்வளவு பெரிய ரூம் இருக்கே."

"இருக்கு."

"கதவைச் சாத்திட்டு உக்காரலாமே."

"சாத்தினா தட்டுவீங்க."

"நான் ஏதாவது பண்ணிட்டேனா?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை" என்றாள் அக்கா.

அதை அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று கண்ணாடிக்காரனுக்குத் தெரியவில்லை. அத்தானுக்கும் தெரியவில்லை போலிருந்தது. ஆனால் அவர் முகம் கொஞ்சம் மாறியது. மனைவி பழப்பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நான் சொல்ல வந்தது என்னன்னா" என்று பேக்கரிக்காரர்தான் தொடங்கினார், "நான் சுவரை ஒட்டி உள்ள விட்டுக்கறேன். அம்மா எனக்குப் பின்னாடி குறுக்கே நிறுத்திக்கட்டும். வேற யாரும் அப்படி மறிச்சு நிறுத்தினா ஆளைத் தேடணும். இவங்கதான் வண்டிக்குள்ளயே இருக்காங்களே. எனக்கு அவசரம்னா கண்ணாடியைத் தட்டறேன், நகர்த்திக்கட்டும். எப்படியும் நான் தூங்கிட்டுத்தான் இருப்பேன்."

அத்தான் அவரை ஏதோ வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவரைப் போலப் பார்த்தார். அக்கா மட்டும், "தட்டும்போது மெதுவாத் தட்டுங்க" என்றாள்.

அப்படித்தான் ஏற்பாடாயிற்று. மரத்தடியிலிருந்து பேக்கரிக்காரரின் கார் உள்ளே வந்தது. பின்னால் வழியை அடைத்துக்கொண்டு சாம்பல் கலர் கார் நிற்கும். பக்கத்து இடத்துக்காரர் ஒருவர் வாட்ச்மேனிடம் புகார் சொன்னார். வாட்ச்மேன், "உள்ள ஆள் இருக்கு சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அத்தான் வாரத்தில் சில நாள் ஆபீசுக்குத் தாமதமாகப் போய், தன் அம்மாவைத் தானே பயிற்சிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். அந்த நாட்களிலும் அக்கா வந்தாள். பஸ் பிடித்து வருவதைவிட அலைச்சல் குறைவு என்று அவரே அவளைக் காரோடு இங்கே விட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டு, அம்மாவை ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார் என்று வாட்ச்மேன் சொன்னார். கண்ணாடிக்காரனுக்கு அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஒரு மத்தியானம் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தான் போன் செய்தார். சுற்றி வளைத்து வியாபாரத்தைக் கேட்டார், வெயிலைப் பற்றிச் சொன்னார்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கறேன். அவ அங்க என்னதான் பண்றா?"

"ஒண்ணும் பண்ணலை அத்தான்."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன். கூரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா."

"கூரையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை. துணிதான்."

பின்னால் யாரோ அவரை ஏதோ கேட்பதும், அவர் "இருப்பா, வர்றேன்" என்று சொல்வதும் கேட்டது.

"ஒரு நாள் நானும் போய்ப் பக்கத்து சீட்ல உக்காந்தா, ஏதாவது சொல்வாளா?"

கண்ணாடிக்காரன் யோசித்தான். அவனுக்கும் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று சில நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

"தெரியலையே அத்தான்" என்றான். "அவகிட்டயே கேளுங்க. ஆனா போன்ல கேக்காதீங்க, எடுக்க மாட்டா."