ஒரு நாளைக்கு ஒரு ஃபிரிட்ஜ்

ஒரு நாள் உயிரின் விலை ஒரு ஃபிரிட்ஜ். புதுப் பெட்டியின் விலை அல்ல, பழசுக்கு கேஸ் நிரப்பிக் கொடுக்கிற கூலி.

இந்த விலையைக் கட்டியவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கேதான். இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், ஆஸ்பத்திரி மெஷின் அவர் ரத்தத்தை வெளியே எடுத்து, அலசி, திருப்பி அனுப்பியது. மூன்று தடவைக்கான கட்டணத்தைத் தன் கூலியால் வகுத்துப் பார்த்தார். வாரத்துக்கு ஏழு ஃபிரிட்ஜ். மீதி இல்லாமல் வகுபட்டதில் அவருக்கு ஓர் அற்ப திருப்திகூட. வாடகையும் சாப்பாடும் தனி.

சொந்தத் தொழிலில் ஒரு வசதி, லீவு கேட்டு எவர் முன்னாலும் நிற்க வேண்டாம். லீவுக்குச் சம்பளம் கேட்கவும் ஆள் கிடையாது.

"போன் வந்தா உடம்பு சரியில்லன்னு மட்டும் வாயைத் திறந்துடாத," என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தார்.

"ஏன், திருடிட்டா போய்ப் படுத்திருக்கீங்க?"

"கம்ப்ரஸர் மாத்தினா ஒரு வருஷம் கேரண்டின்னு கையெழுத்து போடுறவன் நான். எனக்கே கேரண்டி இல்லன்னு தெரிஞ்சா எவன் கூப்பிடுவான்?"

மனைவிக்குப் பொய் வராது. யோசித்து யோசித்து ஒன்றைத் தயாரித்தாள். "அவர் ஆஸ்பத்திரியில இருக்காருங்க. காண்ட்ராக்ட் எடுத்திருக்காரு. திங்கள், புதன், வெள்ளி." பாதிக்குப் பாதி கலந்த சரக்கு. அதனாலேயே சுத்தமான சரக்கைவிட நன்றாக விலைபோனது. இரண்டே மாதத்தில் ஊர் முழுக்கப் பரவி, போன் மணி அடிப்பதே குறைந்துவிட்டது. சீசன் மந்தம் என்று மெக்கானிக் தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

பேக்கரிக்கார அக்காவிடம் ஐந்து குளிர்பெட்டிகள் இருந்தன. வெயில் ஏறுவதற்கு முன் ஐந்தையும் கழற்றிச் சுத்தம் செய்து, கேஸ் பார்த்து, மாட்டுவது ஒன்பது வருஷமாக அவர் வேலை. அவர் கணக்கில் அது ஐந்து நாள் உயிர். செவ்வாய்க்கிழமை, கேட்டு வாங்கிவிடலாம் என்று போனார். இடக்கையில் ஊசி குத்திய இடம் தெரியாமல் இருக்க முழுக்கைச் சட்டை.

"அடடே, பெரிய மனுஷன்," என்றார் அக்கா, கல்லாவிலிருந்து எழுந்திருக்காமல். "வழி தெரிஞ்சுதா?"

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க. இந்த வருஷ சர்வீஸ்..."

"அதை அந்த மார்க்கெட் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிட்டேனே. ஆஸ்பத்திரிக் காண்ட்ராக்ட் எடுத்தவரு, இந்தக் கிரீம் பன்னுக்காரியை எங்க மதிக்கப்போறாருன்னு நெனச்சேன்."

போன் ஏன் அடிக்கவில்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நோயாளி என்று தெரிந்தால் வரமாட்டார்கள் என்று மறைத்தார். பணக்காரன் என்று நினைத்து வராமல் போய்விட்டார்கள்.

"ரேட்டு அதேதான்க்கா. குறைச்சுக்கூடத் தரேன்."

அக்கா கண்ணைச் சுருக்கினார். முப்பது வருஷம் வியாபாரத்தில் இருந்தவர், கேட்காமலே குறைகிற விலை அவருக்குப் பிடிக்காது. "காண்ட்ராக்ட் இருக்கிறவன் எதுக்குக் குறைக்கிறான்?"

"பழக்கத்துக்குத்தான்."

"அப்ப பழக்கத்துக்கு நீயும் ஒண்ணு செய் தம்பி. அங்க கேன்டீன்ல சொல்லி நம்ம பன்னை வாங்கச் சொல்லு. தினம் இருநூறு. நீ இத முடிச்சுக் குடுத்தா, அந்தக் கேக் வைக்கிற பெட்டி மட்டும் உனக்கு. வியாழக்கிழமை வந்து பாரு."

கேன்டீன் எந்த மாடியில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் தொடக்கூடாது என்று உத்தரவு, அங்கே அவருக்கு என்ன வேலை? ஆனால் எதிரில் ஒரு பெட்டி நின்றது. ஒரு பெட்டி, ஒரு நாள்.

"சொல்லிட்டேன்னு வெச்சுக்கோங்க," என்றார்.

புதன்கிழமை, படுக்கையில் இரண்டாவது மணி நேரம். மெஷினின் பம்ப் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை லேசாக இழுத்தது. பேரிங் தேய்ந்திருக்கிறது, சொன்னால் இலவச வேலை வாங்கிவிடுவார்கள் என்று சும்மா கிடந்தார். அப்போது வாசலில் நர்ஸின் குரல் கேட்டது. "ஃபிரிட்ஜ் காண்ட்ராக்டர்னு இங்க யாரும் இல்லைங்க. ஃபிரிட்ஜ் மெக்கானிக்னு ஒருத்தர் இருக்காரு. அதோ, மூணாவது பெட்."

பேக்கரிக்கார அக்கா கையில் பன் பெட்டியோடு நின்றார். பிறர் வாக்கை நம்பிச் சரக்கு அனுப்புகிற ஆள் அல்ல, சாம்பிளைத் தானே கொண்டுவந்திருந்தார். அவர் பார்வை சிவந்த குழாய்கள் வழியே மெதுவாக மெஷின் வரை போய்த் திரும்பியது.

"இதுதான் காண்ட்ராக்டா?"

"ஆமாக்கா. வாரம் மூணு நாள்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"அது எழுதலை."

அக்கா பன் பெட்டியைக் கட்டில் ஓரம் வைத்தார். மெஷினை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பேரம் பேசியிருக்கலாம்.

வியாழக்கிழமை மனைவி தடுத்தாள். "தெரிஞ்சுபோச்சுல்ல. இனிமே எதுக்குப் போறீங்க?"

"தெரிஞ்சா என்ன. பெட்டிக்கு இன்னும் சர்வீஸ் ஆகலைதானே?"

கனக்கிற கருவிப் பையை வலக்கையில் தூக்கிக்கொண்டு போனார். கேக் பெட்டியின் பின்பக்கம் திறந்திருந்தது. அதன் எதிரில் மார்க்கெட் பக்கத்துப் பையன் மண்டியிட்டிருந்தான். அவரைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றான். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

"உன்னைச் சிரமப்படுத்த மனசு வரலை தம்பி," என்றார் அக்கா. "உடம்பைப் பாத்துக்கோ."

"வேலை செஞ்சாத்தான்க்கா உடம்பைப் பாக்க முடியும்."

"ஒரு வருஷ கேரண்டி போட்டுத் தருவியே. நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அதை வாங்குவேன்?"

 அக்கா கல்லாவைத் திறந்து, எண்ணாமல் கொஞ்சம் நோட்டை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தது. கை முந்திக்கொண்டது. தெருமுனையில் நின்று எண்ணினார். அரை ஃபிரிட்ஜ் தேறியது.

அந்த வாரம் வேறு இடங்களில் இரண்டு ஃபிரிட்ஜ்தான் வேலைக்குக் கிடைத்தது. ஞாயிறன்று மாலை கணக்கு நோட்டைத் திறந்தார். அந்த நோட்டில் கூலி என்றும் செலவு என்றும் இரண்டே பத்திகள். அக்கா கொடுத்ததை எதில் எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஓரத்தில் கோடு கிழித்து மூன்றாவதாக ஒரு பத்தி போட்டார். போன் அடிக்கிறதா என்று மனைவி ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

வாழ்ந்தது: ஏழு நாள்.
கூலி: இரண்டு ஃபிரிட்ஜ்.
இனாம்: அரை ஃபிரிட்ஜ்.
பாக்கி: நாலரை நாள்.