துணையாள் பயிற்சி

பயிற்சி கொடுப்பவருக்கு நாங்கள் வைத்த பேர் சமாதானம் சார். எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. கடைசி நாளில் அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போரில் காணாமல் போனவர்களைப் பற்றிய விசாரணை அடுத்த மாதம் தொடங்குகிறது. அண்ணனுக்காக அம்மா சாட்சி சொல்ல வேண்டும். அவனைப் பிடித்துக்கொண்டு போன அதிகாரியும் அதே அறையில் இருப்பான். வீட்டார் என்ற முறையில் யாரும் உள்ளே போக முடியாது. பயிற்சியில் தேறிய துணையாள் மட்டும் சாட்சியின் பக்கத்தில் உட்காரலாம். "நீ பக்கத்துல இருந்தா போறேன், இல்லேன்னா போகல" என்று அம்மா ஒரே பிடிவாதம். அதற்காகத்தான் வக்கீல் வேலையைப் போட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன்.

தேர்வு என்பது ஒரு நடிப்பு. எனக்கு மகனைப் பறிகொடுத்த தாய் வேடம். எதிரே சோடாபுட்டி, எங்களோடு பயிற்சிக்கு வந்த, தடிக் கண்ணாடி போட்ட உளவியல் படித்த பையன், அதிகாரி வேடத்தில். ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். என் அட்டையின் கடைசி வரி, 'மன்னித்துக் கை கொடுக்கிறாள்.'

சோடாபுட்டி மன்னிப்புக் கேட்டான். பாவம், அட்டையைப் பார்த்துப் பார்த்து. கையை நீட்டினான்.

"பையனை எங்க புதைச்சீங்க?" என்றேன்.

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அது எனக்குக் குடுக்கலையே சார்."

"அதெல்லாம் இங்க வேண்டாம்மா," என்றார் சமாதானம் சார், அதே சிரிப்போடு. "கை குடுத்து முடிங்க. எல்லாரும் சாப்பிடப் போகணும்."

சாப்பாடாம், சாப்பாடு. அண்ணன் போனதிலிருந்து அம்மா கேட்பது 'எங்கே' என்ற இந்த ஒரே கேள்வி. அதை விட்டுவிட்டு மன்னிப்பை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள், மகராசன்கள்.

"உங்க பிள்ளையா இருந்தா, எங்கேன்னு கேக்காம கை குடுப்பீங்களா சார்?"

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "கோபத்தை அடக்கத் தெரியாதவங்க சாட்சி பக்கத்துல உட்கார முடியாது" என்றார்.

நான் கையை நீட்டவே இல்லை. தேர்வில் பெயில் போட்டுவிட்டார்.

படிக்கட்டில் நின்று அம்மாவுக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "காரியத்தையே கெடுத்துட்டேம்மா. பேருக்கு ஒரு கை குடுத்திருந்தா உன்கூட உள்ள வர முடிஞ்சிருக்கும்."

அம்மா கேட்டது வேறு.

"நீ கேட்டதுக்கு அந்தப் பையனால பதில் சொல்ல முடியலல்ல?"

"இல்லம்மா."

"சரி, அழாதே. நான் தனியாவே உள்ள போறேன். பிடிச்சிட்டுப் போனவன்கிட்டயே கேக்கறேன்."